உணவு உண்ணாத வாயை எதற்காகத் துலக்க வேண்டும்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த உங்கள் அப்பாவுக்கு 71 வயதில் பக்கவாதம் வந்தது. ஐந்து மாதங்களாக மூக்கு வழியாகச் செலுத்திய ரைல்ஸ் டியூபில்தான் கஞ்சியும் மருந்தும் போகின்றன. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. அவருக்குப் புரையேறுவதும் இல்லை. அப்படியிருந்தும் மூன்று முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பகலில் வலது கடைவாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் நாக்கு காய்ந்து கட்டையாகக் கிடக்கிறது. எச்சிலைக் குறைக்க மாத்திரை கொடுக்கலாமா, கொப்பளித்துத் துப்ப முடியாதவருக்குப் பல் துலக்குவது எப்படி, வாயால் சாப்பிடாதவருக்கு அது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, அப்பா கையால் சாடை காட்டி டீ கேட்கிறார், ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விழுங்கும் பயிற்சி அளிப்பவளாக நீலகிரியில் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் பல ஆண்டுகளாக நான் பார்த்துவரும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்ணும் வாயைவிட உண்ணாத வாய்தான் விரைவில் அழுக்கடைகிறது. உங்கள் அப்பாவின் நிமோனியாவுக்கான காரணத்தைக் குழாயில் தேடுவதற்கு முன்பு வாய்க்குள் தேட வேண்டும். வீட்டுக்கு வீடு நான் கண்ட தவறு ஒன்றுதான். டியூப் போட்ட அன்றே பல் துலக்கும் பிரஷும் அலமாரிக்குள் போய்விடுகிறது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனெனில் டியூபில் எப்படி ஊற்றுவது என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவர்கள் வாயை எப்படித் துடைப்பது என்று சொல்லிக்கொடுப்பது அரிது.

நம் வாயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்புறமும், தாடைக்கு அடியிலும், நாக்கின் கீழும் இருக்கும் மூன்று இணைச் சுரப்பிகளும், கன்னத்திலும் உதட்டிலும் அண்ணத்திலும் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து இதைச் சுரக்கின்றன. அதில் 99 விழுக்காடு தண்ணீர்தான். ஆனால் மீதி ஒரு விழுக்காட்டில்தான் கிருமியைக் கொல்லும் லைசோசைம், இரும்புச்சத்தைக் கிருமிக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைக்கும் லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், பல்லின் மேற்பூச்சைச் செப்பனிடும் கால்சியமும் பாஸ்பேட்டும், எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கும் மியூசின் ஆகியவை இருக்கின்றன. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு அரை மில்லிக்கும் குறைவாக ஊறும் இந்த நீர், மெல்லும்போது பலமடங்கு பெருகுகிறது. தூங்கும்போது ஏறக்குறைய நின்றே போகிறது.

மெல்லுவதால் பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு தோசையைத் தின்று முடிப்பதற்குள் நாக்கு கன்னத்தைத் துழாவுகிறது, உணவு ஈறின் மேல் உரசுகிறது, உமிழ்நீர் வெள்ளமாக வந்து எல்லாவற்றையும் தொண்டைக்கு அடித்துச் செல்கிறது. கூடவே தண்ணீரும் குடிக்கிறோம். வாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேலை இதுதான், இது நாள் முழுவதும் நடக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இந்த வேலை ஐந்து மாதங்களாக நின்றுபோயிருக்கிறது. நாக்கு அசைவது குறைந்ததால் சுரப்பதும் குறைகிறது, சுரப்பது குறைந்ததால் பல்லின் மேல் படலம் தடிக்கிறது, தடித்த படலத்தில் சுண்ணம் ஏறிப் பற்காரையாக இறுகுகிறது. டியூபில் உணவு பெறுகிறவர்களுக்கு வாயால் உண்பவர்களைவிடப் பற்காரை அதிகமாகவும் வேகமாகவும் படிகிறது என்பது பல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்திருக்கும் உண்மை. அந்தப் படலத்தின் ஒரு கிராமில் பத்தாயிரம் கோடி அளவுக்கு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. படுக்கையில் கிடப்பவரின் வாயில் வழக்கமான கிருமிகளோடு, நுரையீரலைத் தாக்கவல்ல வேறு வகைக் கிருமிகளும் குடியேறிவிடுகின்றன.

இனி அவை நுரையீரலுக்குப் போவது எப்படி என்ற கேள்வி. நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சியில் தட்டுகிறோம். அந்த இருமல் உண்மையில் மூச்சுக்குழாயின் காவல். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குத் தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிடுவதால், எச்சில் தவறான வழியில் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. புரையேறவில்லை என்று நீங்கள் ஆறுதலோடு சொல்லியிருக்கிறீர்கள்; எனக்கு அதுவே கவலை தருகிறது. ஓசையின்றிப் புரையேறுதல் என்றே இதைச் சொல்கிறோம். தொண்டையை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டோ, மூக்கு வழியாகச் சிறு கேமரா செலுத்தியோ பார்த்தால்தான் இது உறுதியாகத் தெரியும்.

உறக்கத்தில் சிறிதளவு எச்சில் மூச்சுக்குழாய்க்குள் கசிவது ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நடக்கிறது என்று பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு நிமோனியா வருவதில்லை, ஏனெனில் கசிவது சுத்தமான எச்சில், அதை வெளியேற்ற நுரையீரலுக்கு வலுவும் இருக்கிறது. அமெரிக்காவில் சூசன் லாங்மோர் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்குவதில் சிக்கல் இருப்பது மட்டுமே நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை என்றும், உணவூட்டவும் வாயைச் சுத்தம் செய்யவும் பிறர் கையை நம்பியிருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, டியூபில் உணவு பெறுவது, பல மருந்துகள் சாப்பிடுவது, புகைப்பது ஆகியவை சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது என்றும் கண்டார்கள். ரைல்ஸ் டியூப் சோற்றை வேறு வழியில் கொண்டுசெல்கிறதே தவிர எச்சிலுக்கு அதனால் வழி மாறிவிடுவதில்லை. நாளெல்லாம் ஊறும் எச்சில் அப்பாவின் தொண்டையில்தான் இறங்கியாக வேண்டும்.

இதற்கு நம்பிக்கை தரும் மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் யோனேயாமா குழுவினர் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் உதவியாளர்கள் பல் துலக்கிவிட்டு, வாரம் ஒருமுறை பல் மருத்துவப் பணியாளர்கள் வந்து சுத்தம் செய்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. பிரஷும் பொறுமையான ஒரு கையும் செய்த வேறுபாடு அது.

ஒழுகலும் வறட்சியும் ஒரே வாயில் எப்படி என்று வியந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒழுகுகிறவருக்கு எச்சில் அதிகம் சுரப்பதில்லை. நாம் விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு முறை நினைக்காமலே எச்சிலை விழுங்கிவிடுகிறோம். அந்த அனிச்சை குறைந்து, உதடும் ஒரு பக்கம் தொய்ந்துவிட்டால் இயல்பான அளவு எச்சிலே தேங்கி வழியும். பார்க்கின்சன் நோயாளிகளிடம் காண்பதும் இதுதான். இரவில் நிலைமை வேறு. மூக்கின் ஒரு துளையை டியூப் அடைத்துக்கொண்டிருப்பதால் அவர் வாயால் மூச்சு விடுகிறார், சுரப்பும் நின்றிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் சன்னலை அடைத்து ஹீட்டரையோ கரி அடுப்பையோ வைத்துக்கொள்ளும் அறையில் காற்றின் ஈரம் இன்னும் குறைகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வேறு காரணத்துக்காகவும் கூடாது, அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. ஹீட்டர் வைப்பதானால் அவர் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. எச்சிலைக் குறைக்கும் கிளைகோபைரோலேட், டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஓயாமல் ஒழுகி மார்பு நனைந்து தோல் புண்ணாகிறவர்களுக்கு மருத்துவர் அளந்து கொடுப்பதுண்டு, சிலருக்குச் சுரப்பியில் போட்டுலினம் ஊசி போடுவதும் உண்டு. ஆனால் நீர்த்த எச்சிலைக் குறைத்தால் மிஞ்சுவது கெட்டியான, நூல் இழுக்கும் எச்சில். அதைத் தொண்டையிலிருந்து நகர்த்துவது இன்னும் கடினம். வயதானவர்களுக்கு இந்த மருந்துகளால் மனக் குழப்பமும் மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் வரக்கூடும். அதற்கு முன்பு, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீர் கட்டுப்படக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் ஆகிய எல்லாமே வாயை வறட்டும். எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எது இப்போதும் தேவை என்று கேளுங்கள். பகலில் ஒழுகுவதற்குத் தலையை நிமிர்த்தி உட்காரவைப்பதும், எச்சிலை விழுங்குங்கள் என்று அவ்வப்போது நினைவூட்டுவதும், வாயோரத்தைத் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதும் கணிசமாகவே உதவும். குளிருக்குக் கழுத்தில் சுற்றும் மஃப்ளர் எச்சிலில் நனைந்தபடியே மணிக்கணக்கில் தாடையை ஒட்டிக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடைவாய் வெடிப்பதும் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான் தொடங்குகின்றன. நான்கு துணிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

வாய்ச் சுத்தம் எவ்வளவு தூரம் கைவிடப்படலாம் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். குன்னூருக்குக் கீழே ஒரு லைன் வீட்டில், ஆறு மாதமாக டியூபில் இருந்த ஒரு பாட்டியம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் அண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. பலாக்கொட்டையின் மேல்தோல்போல் இறுகி, ஓரம் மட்டும் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. அது அண்ணத்தில் வளர்ந்த கட்டி என்று நினைத்து மருமகள் பயந்துபோயிருந்தார். அது காய்ந்த சளியும் எச்சிலும் உதிர்ந்த தோலும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி நனைத்து, மறுபடி வைத்து, இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு பின்னிருந்து முன்னாக அது முழுதாகக் கழன்று வந்தது. அவசரப்பட்டுப் பிய்த்திருந்தால் இரத்தம் வந்திருக்கும், துண்டு தொண்டைக்குள் விழுந்திருக்கும். கழன்றதும் அந்தப் பாட்டியம்மா நாக்கால் அண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாமாகவே எச்சிலை ஒருமுறை விழுங்கினார். மறைந்திருந்த உணர்ச்சி வெளிப்பட்டதும் விழுங்கும் தூண்டலும் வந்தது. சுத்தம் என்பது பயிற்சியின் பகுதி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நேரம். டியூபில் ஊற்றியவுடன் வாயில் கைவைத்தால் குமட்டி வாந்தி வரலாம். ஆகவே ஊற்றுவதற்கு முன்பு செய்யுங்கள், அல்லது ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். காலை, இரவு என இரண்டு முறை கட்டாயம், அதில் இரவுச் சுத்தம் மிக முக்கியம், ஏனெனில் உமிழ்நீரின் காவல் இல்லாத நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிமிர்ந்து உட்காரவைத்து முகவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்கும்படி பாருங்கள். தலையை அண்ணாந்து வைத்துவிட்டால் எல்லாம் மூச்சுக்குழாயை நோக்கி ஓடும். உட்கார முடியாத நாளில், பாதிக்கப்பட்ட பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் ஒரு துண்டை விரியுங்கள்.

பிரஷ் குழந்தைகளுக்கானது, சிறிய தலையும் மென்மையான தூரிகையும் உடையது போதும். நுரைக்கும் பேஸ்ட் அவருக்கு ஆகாது. நுரை பெருகினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, துப்பவும் முடியாது. நுரை குறைந்த ஃபுளோரைடு பேஸ்ட்டை அரிசி மணியளவு எடுத்தாலே அதிகம். பிரஷை நனைத்து உதறிவிட்டு, இரண்டு மூன்று பல்லாகத் தேய்த்து, உடனே கிளறிவிட்ட அழுக்கை வெளியே எடுங்கள். நான் பார்த்தவரை வீடுகளில் விட்டுப்போகும் படி இதுதான். தேய்ப்பதால் படலம் பல்லைவிட்டுக் கிளம்பி எச்சிலில் கலக்கிறது. அதை எடுக்காமல் விட்டால் கிருமியை நாமே திரட்டித் தொண்டைக்கு அனுப்பியதாகிவிடும். பிழிந்த ஈரத் துணியையோ காஸ் துணியையோ விரலில் சுற்றிக் கன்னக் குழியையும் ஈறின் வெளிப்பக்கத்தையும், பிரஷில் சுற்றி நாக்கின் அடியையும் துடைத்தெடுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்துக் கன்னத்துக்குள் எப்போதும் ஏதாவது ஒளிந்திருக்கும். உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் வசதி. மழைக்காலத்தில் மின்சாரம் போகும் ஊர்களில் காலால் மிதிக்கும் வகையும் கைவசம் இருப்பது நல்லது. வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

நாக்கை வழிக்க நம் வீட்டு உலோக வழிப்பானை எடுக்காதீர்கள். பிரஷாலோ துணியாலோ பின்னிருந்து முன்னாக மெதுவாக இழுங்கள். குமட்டல் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். பற்களுக்கு நடுவே உங்கள் விரலை நுழைக்க வேண்டாம். பக்கவாதத்தில் சிலருக்கு வாயில் எது பட்டாலும் இறுகக் கடிக்கும் அனிச்சை உண்டு. அப்பா வேண்டுமென்று கடிப்பதில்லை. அப்போது பிடுங்காமல் தாடையைத் தடவிக்கொடுத்துக் காத்திருந்தால் தானாகத் தளரும். மடித்த துணியைக் கடைவாயில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் துலக்கலாம்.

முடித்தபின் உதட்டுக்கும் நாக்குக்கும் ஈரம் சேர்க்க வேண்டும். வாய்க்கென்று விற்கும் ஈரப்பசை ஜெல் கிடைத்தால் மிக மெல்லியதாகத் தடவுங்கள். கிடைக்காவிட்டால் பிழிந்த ஈரத் துணியால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஒற்றியெடுங்கள். கிளிசரினும் எலுமிச்சையும் கலந்து தடவும் வழக்கம் பழைய செவிலியர் பாடத்திலிருந்து வந்தது. கிளிசரின் ஈரத்தை உறிஞ்சிப் பிறகு இன்னும் வறட்டுகிறது, எலுமிச்சை பல்லை அரிக்கிறது. தேன் தடவுவதும் வேண்டாம், வறண்ட வாயில் இனிப்பு தங்கினால் பல்லின் வேர் சொத்தையாகும். எண்ணெய் கொப்பளிப்பது நல்லது என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் இருமலைத் தூண்டாமலே தங்கி, எளிதில் வெளியேறாத ஒருவகை அழற்சியை உண்டாக்கும். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தை நெற்றியில் தடவுங்கள், வாயில் வேண்டாம். விழுங்கினால் அது நஞ்சு. கிருமிநாசினி வாய்க்கழுவியான குளோர்ஹெக்ஸிடினைப் பல் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களுக்குச் சொன்னால் துணியில் நனைத்துத் துடைக்கலாம், ஆனால் அது பிரஷுக்கு மாற்றாகாது. ஒட்டியிருக்கும் படலம் உரசினால்தான் போகும்.

நம் மலைக்கே உரிய சிறு விஷயம் ஒன்று. மூடுபனி நாட்களில் பிரஷ் காய்வதே இல்லை, மூடி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு பிரஷ் வாங்கிக் காலைக்கொன்று மாலைக்கொன்றாகத் திறந்த டம்ளரில் நிறுத்திவையுங்கள்.

எச்சில் என்றால் நம் மனத்தில் தீட்டு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. எச்சில் கையால் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்றே வளர்ந்தோம். அப்பாவின் வாய்க்குள் கைவிட அம்மா தயங்குவது இயல்பு. அப்பாவுக்கும் மகளிடம் வாயைத் திறந்து காட்ட வெட்கமாக இருக்கும். கையுறை அணிவது இருவருக்குமே அந்தத் தயக்கத்தைக் குறைக்கும். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் இப்போது நாக்கைத் துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்; பிரஷைப் பிடிக்கும் வலு இடது கையில் இருந்தால் அதில் கொடுத்து, மேலே உங்கள் கையை வைத்து அவரையே தேய்க்கவிடுங்கள். ஆய்வு சொன்ன ஆபத்துகளில் ஒன்று பிறர் கையை நம்பியிருப்பது என்பதை மறக்க வேண்டாம்.

பல் மருத்துவரை ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். ஆடும் பல் உறக்கத்தில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். காரையைச் சுரண்டாமல் எவ்வளவு துலக்கினாலும் பயன் பாதிதான். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளைப் பல் எடுப்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவையுங்கள். உறக்கத்திலும் பல்செட் அணிந்திருந்த மிக முதியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்ததாக 2015-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று கண்டது. நாக்கிலோ கன்னத்திலோ தயிர்த் திப்பிபோல் வெள்ளை படிந்து, துடைத்தால் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்தால் குணமாகும். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கோ கோவைக்கோ வளைவுகளில் அவரை அலைக்கழிப்பது சிரமம் என்பது எனக்குத் தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த் தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்து, வாய்ப் பராமரிப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டியூபைப் பற்றி இரண்டே வார்த்தை. ஊற்றும்போதும் ஊற்றி ஒரு மணி நேரம் வரையும் தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைப்பையிலிருந்து மேலேறி வருவதும் நுரையீரலில் இறங்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் டியூப் தேவைப்படுமானால் வயிற்றின் வழியாகவே பொருத்தும் குழாயைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அதைக் கேட்டுவிடுங்கள், மூக்கு விடுபட்டால் வாய்வழி மூச்சும் குறையும்.

நான்காவது நிமோனியாவை முன்கூட்டியே கண்டுகொள்ள, காய்ச்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். வழக்கத்துக்கு மாறான மந்தம், நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு, தொண்டையில் கொளகொளவென்ற ஒலி ஆகியவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வைத்திருந்தால், நம் உயரத்தில் கீழ்நாட்டைவிட ஓரிரு எண் குறைவாகக் காட்டுவது இயல்பு என்பதால், அவர் நன்றாக இருக்கும் நாளில் அவருடைய வழக்கமான எண்ணைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து மூன்று குறைந்தாலே மருத்துவரிடம் பேசுங்கள்.

டீயைப் பற்றிக் கேட்டீர்கள். கோப்பையில் கொடுப்பதோ ஸ்பூனில் ஊற்றுவதோ விழுங்கும் திறனைச் சோதிக்காமல் கூடாது. வர்க்கி பிஸ்கட்டை டீயில் தோய்த்துக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். அது இன்னும் ஆபத்து, பொடியும் நீரும் வாயில் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் ஓடும். சோதனைக்குப் பிறகு கெட்டியான திரவத்தை அவர் விழுங்கலாம் என்று முடிவானால், கஞ்சிப் பதத்தில் ஊட்டும் ஸ்பூனை மறுபடி மறுபடி அதே கிண்ணத்தில் விடாதீர்கள். எச்சில் பட்ட கஞ்சி நீர்த்துப்போகும் என்று நம் பாட்டிகள் சொல்வது முற்றிலும் உண்மை. எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சிதைக்கிறது, கிண்ணத்தின் அடியிலிருக்கும் கடைசி நான்கு ஸ்பூன் தண்ணீராகி அவருக்குப் புரையேற்றும். சிறு கிண்ணத்தில் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது, உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இரவுச் சுத்தம் முழுதாக முடிந்து வாய் ஈரமாக இருக்கும்போது, சர்க்கரை போடாமல் இளந்தேநீர் இறக்கி, ஆறவைத்து, பிரஷை அதில் தோய்த்து, ஒரு துளியும் சொட்டாதபடி துணியில் அழுத்தி எடுத்துவிட்டு, நாக்கின் நுனியிலும் உதட்டின் உட்புறத்திலும் தொடுங்கள். கடுந்தேநீர் வேண்டாம், அதன் துவர்ப்பு வாயை இன்னும் வறட்டும். தொட்டபின் எச்சிலை விழுங்குங்கள் என்று சொல்லி, முகவாயின் கீழ் அந்தக் குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். ஏறியிறங்கினால் இன்னொரு முறை தொடலாம். ஏறவில்லை என்றால் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் தேயிலையின் வாசத்திலேயே வேலை பார்த்தவர் அவர். மூக்கருகே கோப்பையைக் கொண்டுபோனாலே பலருக்கு வாய் ஊறத் தொடங்குகிறது. கோப்பையை முதலில் அங்கே சற்று நேரம் பிடித்திருங்கள்.